கட்டணம் 200 ரூபாய், மற்ற செலவை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடச் செலவே கிடையாது, வக்கீல்கூடத் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. உங்கள் நாளிதழிலும் வந்திருக்கிறது. அது பொய் இல்லை. பழுதான மிக்ஸிக்கும் வராத கூரியருக்கும் அது அப்படியே பொருந்தும். காருக்குப் பொருந்தாது. ஒரு கார் உற்பத்தியிலேயே கோளாறானது என்று நிரூபிக்கக் கிளம்புகிறவனுக்கு உண்மையில் என்ன செலவாகும் என்பதை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். மதுரையில் ஒரு ஷோரூமில் ஏ.எம்.டி. கியர் கார், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைக் கம்ப்யூட்டரே மாற்றும் கார் வாங்கினேன். சாலைவரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 9,40,000 ரூபாய். அதில் 7 லட்சம் வங்கிக் கடன், ஐந்து வருடத்துக்கு மாதம் 14,700 ரூபாய் தவணை. கார் சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. போடிமெட்டு ஏறும்போது, நாலு பேர் உட்கார்ந்து, ஏ.சி.யும் போட்டு, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் கியர் தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது, பின்பக்கம் உருள ஆரம்பிக்கும். அந்தப் பாதையில் பதினேழு வளைவு. பின்னால் ஜீப்பும் லாரியும் ஒட்டிக்கொண்டு வரும். இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஏறும். இதுதான் குறை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, எனவே கம்பெனி பெயரையோ ஷோரூம் பெயரையோ எழுதப் போவதில்லை.

சர்வீஸ் சென்டரில் என்ன நடக்கும் என்பதைக் கார் வைத்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதுரை ரிங் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள், லேப்டாப்பைச் செருகுவார்கள், ‘எரர் எதுவும் காட்டவில்லை சார்’ என்பார்கள். சாஃப்ட்வேர் அப்டேட் என்பார்கள். அப்புறம் மறுபடியும் சாஃப்ட்வேர் அப்டேட். இதில் கவனிக்க வேண்டியது ஜாப் கார்டு. நாம் சொன்ன குறையை நாம் சொன்ன மாதிரி அதில் எழுத மாட்டார்கள். ‘மேடேறும்போது கியர் விலகிப் பின்னால் உருள்கிறது’ என்று நாம் சொன்னால், ‘பொதுப் பரிசோதனை’ என்றோ ‘பிக்கப் குறைவு’ என்றோ ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாள்தான் பின்னால் வழக்கில் முதல் சாட்சி. கையெழுத்துப் போடும் முன் திருத்தி எழுதச் சொல்லி அடம்பிடித்து, நகலும் வாங்கிவிட்டேன். அதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை, எதிலும் ரசீது கேட்கும் தொழில்பழக்கம். இதற்கு நடுவில் இரண்டு வருடக் காலவரம்பும் ஓடிக்கொண்டிருக்கும், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்’ என்று சர்வீஸ் சென்டர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு லாபம்தான்.

சரி, வழக்குக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்கு நிஜமாகவே உதவிய ஒன்று, நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. பழைய 1986 சட்டமாக இருந்தால் நான் மதுரைக்கு அலைந்திருக்க வேண்டும், இப்போது தேனியிலேயே முடிகிறது. கட்டணமும் நாம் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்ததுதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், அதாவது நம்மைப் போன்றவர்கள் வாங்கும் கார் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். ஆக, 9.40 லட்சம் காருக்கு நான் அரசுக்குக் கட்டியது 200 ரூபாய். ரசீது இருக்கிறது. இதுவரை நீங்கள் எழுதியதெல்லாம் சரி.

அப்புறம் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

முதலில் வக்கீல். வக்கீல் வேண்டாம் என்று சட்டம் சொல்கிறது, நானே வாதாடலாம். ஆனால் கம்பெனியின் பதிலுரை வந்தபோது அது கெட்டியான ஒரு ஆங்கிலப் புத்தகமாக வந்தது. முந்தைய தீர்ப்புகள், வாரண்டி நிபந்தனைகள், ‘எங்களுக்கும் டீலருக்கும் இருப்பது இரண்டு தனி முதலாளிகளுக்கு இடையிலான உறவு, அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்ற வாதம். இந்த வாதம் வெறும் சால்ஜாப்பு இல்லை. 2021ல் கோவாவிலிருந்து போன ஒரு வழக்கில், பழைய மாடல் காரைப் புதுசு என்று டீலர் விற்றதற்குக் கார் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது, கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டீலரோ தன் பதிலில், கார் செய்தது நானா, கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். இந்த இரண்டையும் உடைத்துப் பதில் எழுத ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவனால் ஆகாது. எனவே வக்கீல் வைத்தேன். நோட்டீஸுக்கு 3,000, வழக்குக்கு 40,000. அவர் அதிகம் கேட்டதாக நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு எதிர்த்தரப்புக்கும் ஆணையத்துக்கும் தனித்தனி செட் போட டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் 4,500.

வந்த பணத்தில் இவ்வளவு சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் என்னால் முடியாது என்று வக்கீலிடம் பேச முடியாதா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. ஜெயித்தால் பங்கு என்று பேசிக் கட்டணம் வைப்பதை இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அதற்கு நல்ல காரணங்கள் உண்டு, நான் அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? காரில் பணம் முடங்கிக் கிடக்கிறவன், தவணை கட்டிக்கொண்டிருக்கிறவன், வக்கீலுக்கும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும்.

வக்கீல் செலவைக்கூட எதிர்பார்த்தேன். என்னைக் கவிழ்த்தது நிபுணர் அறிக்கை. கார் ஓடவில்லை, நிற்கிறது, உருள்கிறது என்று நாம் என்ன சொன்னாலும் அது வாடிக்கையாளர் சொல்வது மட்டும்தான். உற்பத்திக் குறைபாடு என்பதை நிபுணர் சொல்ல வேண்டும். பொருளைச் சோதித்துத்தான் குறையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை வர வேண்டும், அந்தச் சோதனைக்கான பணத்தைப் புகார்தாரர் ஆணையத்தில் கட்டும்படி உத்தரவிடலாம் என்று சட்டத்தின் 38ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது என் கார் கெட்டது என்று நிரூபிக்க நான்தான் பணம் கட்ட வேண்டும். சாம்பிள் எடுத்து முத்திரை வைத்து அனுப்பு என்று அந்தப் பிரிவில் வருகிற நடைமுறையைப் படித்தாலே தெரியும், எழுதியவர்கள் மனதில் இருந்தது எண்ணெயும் மிளகாய்த்தூளும்தான். காரிலிருந்து எந்த சாம்பிளை எடுப்பது?

எங்கள் பக்கத்தில் யார் நிபுணர் என்பதே பெரிய கேள்வி. பிரேக் இன்ஸ்பெக்டரை, அதாவது மோட்டார் வாகன ஆய்வாளரை வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் பேச்சு வந்தது. அவர் பிரேக், ஸ்டியரிங், விளக்கு பார்ப்பார். கியரை இயக்கும் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரிடம் கருவி இல்லை. கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஆணையத்தால் நியமிக்கப்பட்டார். அவருக்காக நான் கட்டியது 15,000. பொறுப்பான மனிதர், அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் இருந்த பொது ஸ்கேனர் இன்ஜின் கோளாறு எண்களைத்தான் காட்டும், கியர் கம்ப்யூட்டரின் உள்பதிவுகளைப் படிக்க அந்தக் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? அதே சர்வீஸ் சென்டரில். ஆக, நான் வழக்குப் போட்ட ஆளின் கூடாரத்தில், அந்த ஆளின் லேப்டாப்பில், அந்த ஆளின் மெக்கானிக் பட்டனை அழுத்த, நடுநிலை நிபுணர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். போடியிலிருந்து மதுரைக்கு வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர 13,000. மதுரையில் ஏது போடிமெட்டு? குறை அன்றைக்கு வரவில்லை. ‘சோதனையின்போது குறை தென்படவில்லை, எனினும் அதே சூழலில் மலைப்பாதையில் மறுபடி சோதிப்பது நல்லது’ என்ற பொருளில் அறிக்கை. முதல் பாதியை எதிர்த்தரப்பு வக்கீல் வாசிக்கிறார், இரண்டாம் பாதியை என் வக்கீல் வாசிக்கிறார். இரண்டாவது சோதனை என்றால் மறுபடி பணம்.

இதில் வேதனை என்னவென்றால், இதே தமிழ்நாட்டைத்தான் ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி, சோதனை மையமே இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி 1949ல் தொடங்கியபோதே ஆட்டோமொபைல் பொறியியலும் அங்கே தொடங்கிவிட்டது. கார் செய்யவும் கார் படிக்கவும் இவ்வளவு வசதி உள்ள மாநிலத்தில், கார் வாங்கினவன் அது நல்ல காரா என்று ஒரு தாளில் எழுதி வாங்க நாதியில்லாமல் அலைகிறான்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அது எந்த ரசீதிலும் வராது. வழக்கு நடக்கும்போது காரை ஓட்டுவதா, நிறுத்துவதா? ஓட்டினால், கிலோமீட்டர் மீட்டரைக் காட்டி ‘இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, உற்பத்திக் குறைபாடுள்ள கார் இப்படி ஓடுமா’ என்று கேட்பார்கள். கார் வழக்குகளின் உத்தரவுகளைப் படித்துப் பாருங்கள், இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். போதாததற்கு, அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏற எனக்குத் தைரியம் இல்லை. நிறுத்தினால் பேட்டரி செத்துப்போகும், டயர் ஒரு பக்கம் அமுங்கும், எலி உள்ளே புகுந்து வயரைக் கடிக்கும். பிறகு ‘சரியாகப் பராமரிக்காததால் வந்த கோளாறு’ என்று சொல்ல வழியும் கிடைத்துவிடும். சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வந்தால் நாள் வாடகை கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார்கள். எதைச் செய்தாலும் தவணை 14,700 மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும், வங்கி இதில் தலையிடாது. நிற்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். வெளியே போக வாடகைக் கார் பிடிக்க வேண்டும், அந்த வகையில் என் நோட்டில் 22,000 எழுதியிருக்கிறது.

இன்சூரன்ஸ் பாலிசியைப் புரட்டினால் காரின் மதிப்பு எப்படிக் கரைகிறது என்ற அட்டவணை இருக்கும். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. வழக்கு முடிய நாலு வருடமானால், எல்லாம் நல்லபடியாக இருந்தாலும் வண்டியின் மதிப்பில் 40 சதவீதம் காற்றில் போயிருக்கும். இழுத்தடிப்பவருக்குச் செலவு இல்லை, ஒவ்வொரு வாய்தாவும் என் வண்டியின் விலையில் இருந்துதான் கழிகிறது.

வாய்தா என்றதும் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். சாதாரணமாக வாய்தா கொடுக்கக் கூடாது, கொடுத்தால் காரணத்தை எழுத வேண்டும், அதனால் ஏற்படும் செலவுக்கும் உத்தரவு போடலாம். பதிலுரைக்கு 30 நாள், அதற்கு மேல் 15 நாள், மொத்தம் 45. இதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது. பதிலுரை விஷயத்தில் மட்டும் இது வேலை செய்கிறது, கம்பெனிகள் 45 நாளுக்குள் ஓடிவந்து தாக்கல் செய்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் தூக்கம். ஆணையத்தில் தலைவர் இடம் காலி, உறுப்பினர் இடம் காலி என்பது நாடு முழுக்க உள்ள வியாதி, 2021ல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து மாநிலங்களைக் கேட்க வேண்டியிருந்தது. வாய்தா கேட்டவரிடம் செலவுத்தொகை வாங்கிக் கொடுத்ததை நான் இருந்த நேரத்தில் அங்கே பார்க்கவில்லை. என் சம்பளத்தில்தான் பிடித்தம் விழுந்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. என் மனைவி வீட்டாருக்குப் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது, போடியில் பாதிப் பேருக்கு இப்படி அங்கே ஏதாவது துண்டு நிலம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, ‘இவர் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார், காரை வணிக நோக்கத்துக்காக வாங்கியிருக்கிறார், எனவே இவர் நுகர்வோரே இல்லை’ என்று ஒரு மனு. பிழைப்புக்காகத் தானே சுயதொழில் செய்கிறவர் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, நான் அதுகூட இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். ஆனால் அந்த மனுவுக்குப் பதில் எழுதி, சம்பளச் சான்று வாங்கி, தோட்டத்துப் பட்டாவைக் கேரளாவிலிருந்து கொண்டுவந்து காட்டி முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. மனு போட்டவருக்கு ஒரு தாள் செலவு.

சரி, இவ்வளவும் செலவழித்து ஜெயித்தால் என்ன கிடைக்கும்? புதுக் காரோ முழுப்பணமோ கிடைக்கும் என்று நினைப்பவர்கள் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. மாருதி கம்பெனிக்கு எதிரான அந்த வழக்கில், முழுக் காரை மாற்றிக் கொடு என்று கீழ்மட்டத்தில் போட்ட உத்தரவை நீதிமன்றம் ஏற்கவில்லை, வாரண்டியில் சொன்னது பழுதான பாகத்தை மாற்றித் தருவது மட்டும்தான் என்றது. இன்றைக்கும் கார் கம்பெனிகளின் பதிலுரையில் முதலில் வருவது இந்தத் தீர்ப்புதான். வாதிக்குச் சாதகமாகவும் வந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஹூண்டாய் கிரெட்டா கார் ஒன்று 2017ல் விபத்தில் சிக்கியபோது ஏர்பேக் திறக்கவில்லை. டெல்லி மாநில ஆணையம் காரை மாற்றிக் கொடுக்கச் சொன்னதோடு, இழப்பீடும் வழக்குச் செலவாக 50,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மோதலின் வேகம், விசை எல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வாங்கியவர் என்ன இயற்பியல் நிபுணரா என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. ஆனால் அங்கே கார் நொறுங்கிக் கிடந்தது, புகைப்படமே சாட்சி பேசியது. மேடேறும்போது மட்டும் விலகும் கியருக்கு எதைப் படம் பிடிப்பது? பணக்காரர்களுக்கும் இந்த விஷயத்தில் வேகம் இல்லை. ஒரு நிறுவனம் 2009ல் வாங்கிய பி.எம்.டபிள்யூ. காரின் கோளாறு போலீஸ் வழக்காகி, கடைசியில் 2024 ஜூலையில்தான், கம்பெனி 50 லட்சம் கொடுத்து முடித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது.

மாவட்ட ஆணையங்களின் உத்தரவுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது வேறு: பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடு, மன உளைச்சலுக்கு 25,000 கொடு, வழக்குச் செலவுக்கு 5,000 கொடு. இந்த 5,000 எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் நோட்டில் வழக்கு சம்பந்தமாக மட்டும், கட்டணம் 200ஐயும் சேர்த்து, 97,700 ரூபாய் ஏறியிருக்கிறது. தவணைக்குக் கட்டும் வட்டியையோ வண்டியின் தேய்மானத்தையோ இதில் சேர்க்கவே இல்லை. வெளியே வந்து பார்த்தால், ஜெயித்தாலும் தோற்றவன்தான். கம்பெனிக்கும் இது தெரியும், அதனால்தான் சமரசப் பேச்சில் இரண்டு வருடம் கூடுதல் வாரண்டியும் 30,000 ரூபாயும் தருகிறோம் என்று அவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தின் கீழ், வாங்கியவர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் கட்டணத்தையும் உற்பத்தியாளர் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மாகாணங்களில் கோளாறு கார்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது, 1982ல் கனெடிகட் தொடங்கி வைத்தது. அங்கே வக்கீல்கள் வாடிக்கையாளரிடம் கை நீட்டாமல் இந்த வழக்குகளை எடுப்பதற்கு அதுதான் காரணம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற சிங்கப்பூரையே பார்ப்போம். 2012 செப்டம்பரிலிருந்து அங்கே உள்ள சட்டப்படி, பொருளை வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்றால் அதை விற்றவர் நிரூபிக்க வேண்டும். பழைய காருக்கும் இது உண்டு. நிபுணரைத் தேடுவதும் அவருக்குப் பணம் கட்டுவதும் லேப்டாப்பைத் திறந்து காட்டுவதும் விற்றவர் தலையில் விழுந்துவிட்டால், நான் மேலே எழுதிய கதையில் பாதி நடந்தே இருக்காது. என் காரில் குறை முதலில் வந்தது வாங்கிய மூன்றாம் மாதத்தில்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த திருத்தப்படி, கோளாறு மாடலைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே உத்தரவிடலாம், பணத்தைத் திருப்பித் தரவோ வேறு வண்டி தரவோ சொல்லலாம். 2021 ஏப்ரலிலிருந்து விதிகளும் இருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரே மாடலில் இத்தனை பேர் புகார் செய்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை இருக்கிறது, தனி ஆளின் குரல் அங்கே எடுபடாது.

சட்டத்தை மாற்றுவது டெல்லியின் வேலை. சென்னையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி., அரசுப் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் இவற்றில் ஆட்டோமொபைல் துறை உள்ளவற்றைக் கொண்டு நிபுணர் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து, மாவட்ட ஆணையங்களுக்குக் கொடுத்து, கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நுகர்வோர் நல நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, தோற்றவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அந்த நிதி இருப்பதே நுகர்வோருக்காகத்தானே. சோதனை நாளன்று கம்பெனி தன் சாஃப்ட்வேரோடு நிபுணர் சொல்லும் இடத்துக்கு, அது போடிமெட்டாகவே இருந்தாலும், வர வேண்டும் என்று உத்தரவு போடுவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஆணையத் தலைவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: வழக்குச் செலவை 5,000, 10,000 என்று பழக்கத்தில் போடாமல், ரசீதைக் கேட்டு, பார்த்து, உண்மையான தொகையைப் போடுங்கள். 97,700 கட்ட வேண்டி வரும் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியும் ஏலத்தோட்டப் பட்டாவைக் கேட்டு மனுப் போடாது.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. ஒரே மாதிரிக் குறை உள்ள பல நுகர்வோர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு அவர்களில் ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் சேர்த்துப் புகார் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 35ஆவது பிரிவில் இருக்கிறது. அப்படிச் சேர்ந்தால் நிபுணர் செலவும் வக்கீல் செலவும் பங்காகப் பிரியும். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, வால்பாறைப் பக்கம் கிளட்ச் பெடல் இல்லாத கார் வைத்திருந்து, மேடேறும்போது கியர் விலகி உருண்ட அனுபவம் உள்ளவர்கள், கம்பெனி எதுவானாலும் சரி, உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதட்டும். ஜாப் கார்டு நகலும் கிலோமீட்டர் கணக்கும் இருந்தால் இன்னும் நல்லது. வருகிற கடிதங்களை நீங்கள் எனக்கு அனுப்பி வைத்தால், மாடல் வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடும் வேலையை நான் செய்கிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்குப்பிள்ளை ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.